ஒரு ‘ஈவென்ச்சுவலி’யால் அழிஞ்சு போன டேபிள்

 

போன எபிசோட்டில் டேட்டாபேஸ் மைக்ரேஷன் பற்றிக் கதைக்கும்போது, “நான் ஒருக்கா ஒரே ஒரு சொல்லால ஒரு டேபிளையே அழிச்சனான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வந்த மெயில்களில் பாதி அந்தக் கதையைத்தான் கேட்டிருந்தன. சரி, சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான கதை. ஆனால் பிரான்ஸிலோ சுவிஸின் பிரெஞ்சுப் பக்கத்திலோ மொன்றியலிலோ வளர்ந்து, இப்போது இங்கிலிஷில் வேலை செய்கிற ஆட்களுக்கு இது கட்டாயம் உதவும்.

நான் வளர்ந்தது பரிஸுக்குப் பக்கத்தில், லா கூர்நெவில். வீட்டில் தமிழ், கதவுக்கு வெளியே பிரெஞ்சு. இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி மட்டும்தான். பிரான்ஸில் இன்ஜினியர் டிப்ளோமா கையில் கிடைக்க வேண்டுமென்றால் இங்கிலிஷில் பி2 தரம் காட்ட வேண்டும். அதற்குப் பலர் டோயிக் சோதனை எடுப்பார்கள். 990 புள்ளிக்கு 785 எடுத்தால் பி2. எனக்கு 940 வந்தது. அந்தத் தாளை அம்மா பிரேம் போடாத குறை. “என்ர பிள்ளைக்கு மூண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு” என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னா.

அந்தத் தண்ணி எவ்வளவு ஆழம் என்று இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது.

வியாழன் இரவு

நான் வேலை செய்த இடம் ஒரு கொம்பனியின் பரிஸ் கிளை. டீமில் பாதிப் பேர் டப்ளினில். எழுதுவது எல்லாம் இங்கிலிஷில். ஒரு பழைய டேபிளில் இருந்த தரவுகளைப் புதியதுக்கு மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. திட்டத்தை எழுதி, கடைசி வரியாக இப்படிப் போட்டேன்: ‘தி ஓல்ட் டேபிள் வில் ஈவென்ச்சுவலி பி டிலீட்டட்.’

என் மண்டையில் ஓடியது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சில் ‘எவோந்துயெல்மோன்’ என்றால் ‘தேவைப்பட்டால்’, ‘ஒருவேளை’. அதாவது, பழைய டேபிளை அழிக்கவும் கூடும், பிறகு பார்த்து முடிவெடுப்போம் என்று நான் எழுதியிருந்தேன். இங்கிலிஷில் ‘ஈவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில்’. கொஞ்சம் காலம் எடுக்கலாம், ஆனால் நடந்தே தீரும். டப்ளினில் இருந்த கூட்டாளி அதை வாசித்தார். இரண்டு கிழமை பொறுத்தார். புதிய டேபிள் நன்றாக ஓடுகிறது என்று கண்டார். ஒரு வியாழன் இரவு, நான் எழுதியபடியே, பழையதை அழித்தார்.

வெள்ளி காலை கணக்குப் பகுதியில் மாத முடிவு ரிப்போர்ட் விழுந்துவிட்டது. அந்த ரிப்போர்ட் இன்னமும் பழைய டேபிளில் இருந்துதான் வாசித்துக்கொண்டிருந்தது. அதனால்தானே நான் ‘ஒருவேளை’ என்று எழுதினேன்! பேக்கப் இருந்தது. அதை எடுத்துத் திருப்பி ஏற்றிச் சரிபார்க்க வெள்ளி பின்னேரம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களின் பில்கள் திங்கள்தான் போயின.

அடுத்த கிழமை என்ன பிழை நடந்தது என்று ஆராய ஒரு மீட்டிங். எனக்கு மனசு சரியில்லை, ஏமாற்றமாக இருந்தது. அதைச் சொல்ல நினைத்து, ‘ஐ வோஸ் வெரி டிசீவ்ட்’ என்றேன். பிரெஞ்சில் ‘தெசு’ என்றால் மனம் சோர்ந்து போனது. இங்கிலிஷில் ‘டிசீவ்ட்’ என்றால் என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள். டப்ளின்காரரின் முகம் மாறியது. நான் எழுதியதை அப்படியே செய்த மனிசனை, பத்துப் பேருக்கு முன்னால், ‘நீ என்னை ஏமாத்திப்போட்டாய்’ என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு கிழமையில் இரண்டு சொல். இரண்டும் எனக்குத் ‘தெரிந்த’ சொற்கள்.

ஏன் அகராதி பார்க்கவில்லை?

அன்றிரவு முழுக்க யோசித்தது இதைத்தான். டீப்எல் என் ஸ்கிரீனில் எப்போதும் திறந்தே இருக்கும். அந்தப் பிரெஞ்சுச் சொல்லை அதில் போட்டிருந்தால் சரியான சொல்லைத் தந்திருக்கும். நான் போடவில்லை. ஏனென்றால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தெரியாத சொல்லைத் தேடிப் பார்ப்போம். தெரியும் என்று நினைக்கிற சொல்லை யாரும் தேடுவதில்லை. எந்த மென்பொருளும் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்கிற ஆள் நான்தான். ப்ரெஃபெக்ச்சூரில் இருந்து, வீட்டு வாடகை உதவி அலுவலகத்தில் இருந்து, பள்ளிக்கூடத்தில் இருந்து. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அந்த வேலை தெரியும். அந்தக் கடிதங்களில் கொண்டுவர வேண்டிய பத்திரங்களின் பட்டியல் இருக்கும். சிலதுக்குப் பக்கத்தில் ‘எவோந்துயெல்மோன்’ என்று போட்டிருக்கும். “இது இருந்தா மட்டும் கொண்டு போகலாம் அம்மா, இல்லாட்டிப் பரவாயில்லை” என்று சொல்லுவேன். எங்கள் குடும்பத்துக்காக நான் முதலில் கற்ற பெரிய சொற்களில் அது ஒன்று. அந்தச் சொல்லை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

நடந்ததை அம்மாவிடம் சொன்னபோது, “நீதானே எங்களுக்கு எல்லாக் கடிதமும் வாசிச்சுச் சொன்னனீ, உனக்கே சொல் பிழைச்சதே?” என்று கேட்டா. குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே நம்ப முடியாமல்தான் கேட்டா. எனக்கு அதுதான் கூட வலித்தது.

பெரிய சொல் இலவசம், சின்னச் சொல் காசு

நடந்ததுக்குப் பிறகு ‘அட்வான்ஸ்ட் இங்கிலிஷ்’ படிப்போம் என்று வெளிக்கிட்டேன். உயர்தரச் சொற்கள் என்று ஐந்நூறு சொல் கொண்ட ஒரு கட்டை இறக்கினேன். முதல் நாளே அலுத்துவிட்டது. ‘எஃபெமரல்’, ‘லுகூப்ரியஸ்’, ‘பெர்ஸ்பிகேஷியஸ்’ என்று வந்தன. இதெல்லாம் பிரெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்: எஃபெமேர், லுகூப்ர், பெர்ஸ்பிகாஸ். லண்டனில் என் மச்சாள் சோதனைக்காகக் கஷ்டப்பட்டுப் பாடமாக்கியது எனக்குச் சும்மா கிடைக்கிறது.

அதே மச்சாளின் வீட்டுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். அவளின் நாலு வயது மகள் நித்திரை தூங்கி விழுந்தாள். நான் அக்கறையாக, ‘தி இன்ஃபன்ட் இஸ் ஃபட்டீக்ட்’ என்றேன். மச்சாள் சிரித்த சிரிப்பு! “என்னடி, கோட்ஸில நிக்கிற லோயர் மாதிரிக் கதைக்கிறாய்?” ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து ‘மழலை அயர்ச்சியுற்றுள்ளது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

அடுத்த நாள் மழை. அந்தச் சின்னன் பூட்ஸ் போட்டுக்கொண்டு ‘படில்! படில்!’ என்று குதித்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. ரோட்டில் தேங்கி நிற்கிற மழைத்தண்ணி. டோயிக்கில் 940 எடுத்த எனக்கு நாலு வயசுப் பிள்ளை கற்றுத் தந்தது. அதோடு கவனித்துக் கேட்டேன்: மூடிக்கு ‘லிட்’, சிந்துவதற்கு ‘ஸ்பில்’, பாண் துகளுக்கு ‘கிரம்ஸ்’, நுனிக்காலில் நடப்பதற்கு ‘டிப்டோ’. ஒன்றும் எனக்கு வாயில் வராது.

ஏன் இப்படி என்பதற்குப் பதில் 1066இல் இருக்கிறது. அந்த வருஷம் நோர்மண்டியில் இருந்து போன வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அதற்குப் பிறகு பல தலைமுறைக்கு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. நீதிமன்றத்தில் இங்கிலிஷில் வாதாடலாம் என்று சட்டம் வந்ததே 1362இல். அந்தக் காலத்திலும் பிறகும் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் இங்கிலிஷுக்குள் வந்து குடியேறின. வயலில் நின்ற மாடு ‘கௌ’ என்ற பழைய இங்கிலிஷ் பெயரோடு நின்றது. பிரபுவின் மேசையில் அதே மாடு ‘பீஃப்’ ஆனது, பிரெஞ்சு ‘பெஃப்’ இலிருந்து. ஆடு ‘ஷீப்’, இறைச்சி ‘மட்டன்’. பன்றி ‘பிக்’, இறைச்சி ‘போர்க்’.

அதனால் இங்கிலிஷில் பல விஷயத்துக்கு இரண்டு சொல். வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. ‘பிகின்’ வீட்டுச் சொல், ‘கமென்ஸ்’ மேடைச் சொல். தமிழில் ‘தொடங்கு’, ‘ஆரம்பி’ என்று உள்ளூர்ச் சொல்லும் வந்த சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி. பிரெஞ்சில் வளர்ந்த எங்களுக்கு முதலில் வாயில் வருவது மேடைச் சொல். வீட்டுச் சொல் பழைய ஜெர்மானிய வேரில் இருந்து வந்தது, அதுக்குப் பிரெஞ்சில் சொந்தக்காரர் இல்லை.

எல்லாருக்கும் ஒரே பட்டியலை விற்கிற ஆப்களில் எங்களுக்கு நேரம் வீணாவது இதனால்தான். பல்கலைக்கழகப் படிப்புக்கான சொற்களை ஏவரில் கொக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். உலகம் முழுக்கப் பயன்படுகிற பட்டியல். அதில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர் உடையது. பிரெஞ்சு தெரிந்தவர் அதில் பெரும்பாலானதை ஏற்கெனவே அடையாளம் கண்டுகொள்வார். எங்களுக்கு உழைப்புத் தேவைப்படுகிற இடம் வேறு.

மூன்று பெட்டி

நான் எல்லாச் சொல்லையும் மூன்று பெட்டியாகப் பிரித்தேன்.

முதல் பெட்டி: இலவசச் சொற்கள். ‘லிபெர்தே’ என்பது ‘லிபர்ட்டி’, ‘கூரியெ’ என்பது ‘கியூரியஸ்’. வால் மாறும், உடம்பு ஒன்றே. இதில் பொருள் படிக்கத் தேவையில்லை. ஒலி மட்டும் படிக்க வேண்டும். பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் கடைசியில் விழும். இங்கிலிஷில் அது இடம் மாறும்: ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில், ‘ஃபொட்டோகிரஃபி’ என்பதில் இரண்டாவதில். ‘டெவலப்’ என்பதில் ‘வெ’யில் அழுத்த வேண்டும். அழுத்தம் பிழைத்தால் சரியான சொல்லையே மற்றவர் விளங்காமல் பார்ப்பார். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைப் போட்டால், யூடியூப் வீடியோக்களில் ஆட்கள் அதைச் சொல்கிற இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். பத்துப் பேர் சொல்லக் கேட்டால் காதில் ஒட்டிவிடும்.

இரண்டாவது பெட்டி: பொய் நண்பர்கள். பிரெஞ்சுக்காரரே இவற்றை அப்படித்தான் அழைப்பார்கள். முகம் ஒன்று, குணம் வேறு. ஒபிஸில் ஆபத்தான சிலதைச் சொல்கிறேன்.

‘அக்சுவலி’ என்றால் உண்மையில். பிரெஞ்சில் அதே முகத்துக்கு இப்போது என்று பொருள். ‘டிமாண்ட்’ என்றால் அதிகாரமாகக் கேட்பது. பிரெஞ்சில் சும்மா கேட்பது. மேனேஜரிடம் ‘ஐ டிமாண்ட் எ டே ஓஃப்’ என்று எழுதிய ஆளை எனக்குத் தெரியும். ‘அசிஸ்ட்’ என்றால் உதவுவது. பிரெஞ்சில் ஒரு கூட்டத்துக்குப் போய் இருப்பது. ‘சென்சிபிள்’ என்றால் நிதானமாக யோசிக்கிற ஆள். பிரெஞ்சில் சட்டென்று மனம் நோகிற ஆள். ‘வெர்சடைல்’ என்று சிவியில் போட்டால் இங்கிலிஷில் பாராட்டு, பல வேலைக்கும் பொருந்துகிறவர். பிரெஞ்சில் அது அடிக்கடி மனம் மாறுகிறவர்.

எங்கள் தொழிலுக்குள்ளேயே இது புகுந்திருக்கிறது. பிரெஞ்சு டெவலப்பர்கள் பலர் கோட் லைப்ரரியை ‘லிப்ரெரி’ என்பார்கள். அது புத்தகக் கடை! நூலகம் என்றால் ‘பிப்லியோதெக்’. இத்தனைக்கும் கணினிச் சொல்லைத் தானாகவே உருவாக்கிக்கொண்ட மொழி அது. 1955இல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டதுக்கு லத்தீன் பேராசிரியர் ஜாக் பெரே ‘ஓர்தினத்தர்’ என்ற சொல்லைக் கொடுத்தார். இன்றுவரை பிரான்ஸில் யாரும் ‘கொம்பியூட்டர்’ என்பதில்லை. ‘டிஜிட்டல்’ என்பதுக்கும் பிரெஞ்சில் சரியான சொல் ‘நியூமெரிக்’. ‘டிஜித்தால்’ விரல் சம்பந்தப்பட்டது. கைரேகைக்கு வருகிற சொல்.

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் படித்தவர்களுக்கு இன்னொன்று: ‘ஈவென்ச்சுவல் கன்சிஸ்டன்சி’. புதிய மாற்றம் எதுவும் வராமல் இருந்தால், எல்லாப் பிரதிகளும் கடைசியில் ஒரே தரவைக் காட்டும் என்கிற உத்தரவாதம் அது. பிரெஞ்சுக் கண்ணால் வாசித்தால் ‘ஒருவேளை ஒத்துப்போகலாம்’ என்று ஆகிவிடும். உத்தரவாதமே போய்விட்டது. சரியான பிரெஞ்சு ‘கோஏரோன்ஸ் ஆ தெர்ம்’. பள்ளியில் இதை நான் சரியாகத்தான் படித்தேன், பாஸும் ஆனேன். ஆனாலும் அதே ‘ஈவென்ச்சுவலி’ என்று அன்று தட்டவே இல்லை.

மூன்றாவது பெட்டி: சொந்தம் இல்லாத சொற்கள். ‘ஷாலோ’ (ஆழமில்லாத) என்பதுக்குப் பிரெஞ்சில் தனிச் சொல்லே இல்லை, ‘அதிகம் ஆழமில்லாதது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘சீப்’ என்பதுக்கும் ‘விலை கூடாதது’ என்பார்கள். ‘த்தரோ’, ‘டிவிண்டில்’, ‘ப்ளீக்’ எல்லாம் இந்தப் பெட்டிதான். இதிலேயே கஷ்டமானவை இரண்டு துண்டாக வருகிற வினைகள்: ‘புட் ஓஃப்’, ‘லுக் ஆஃப்டர்’, ‘ஃபேஸ் அவுட்’, ‘அயர்ன் அவுட்’. பிரெஞ்சுக்காரருக்கு ‘போஸ்ட்போன்’ சுலபம், ‘புட் ஓஃப்’ கஷ்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இங்கேதான் வீட்டுத் தமிழ் கை கொடுத்தது. ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்று அம்மா சொன்னால் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லையே. பார், கொள் என்று பிரித்தால் பொருள் வராது. சேர்ந்தால்தான் ‘லுக் ஆஃப்டர்’. ‘விட்டுக்கொடு’ என்பதும் அப்படி: விடுவது ஒன்று, கொடுப்பது ஒன்று, சேர்ந்தால் ‘கிவ் இன்’. ‘கைவிடு’ என்றால் ‘கிவ் அப்’. பிரெஞ்சில் இந்த வழக்கம் குறைவு. தமிழில் மூச்சுக்கு மூச்சு இருக்கிறது: உடைஞ்சு போச்சு, சொல்லிப்போட்டான், எடுத்து வை. இதையெல்லாம் நாங்கள் துண்டு துண்டாகப் படிக்கவில்லை, முழுசாகக் கேட்டுப் பழகினோம். இங்கிலிஷையும் அதே மாதிரி முழுத் துண்டாகப் பழகலாம் என்று விளங்கியதும் பாதிப் பயம் போய்விட்டது.

நான் பாவிக்கிற செட்டப்

ஆப் ஆங்கி. 2006இல் டேமியன் எல்ம்ஸ் தொடங்கியது, ஜப்பானியப் பெயர், பொருள் மனப்பாடம். மறக்கப் போகிற நேரத்தில் அந்தச் சொல்லைத் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். அந்த மறதியை முந்துவதற்கான எஸ்எம்-2 என்ற கணக்கை 1987இல் போலந்துக்காரர் பியோத்தர் வோஸ்னியாக் எழுதினார். ஆங்கி நீண்ட காலம் ஓடியது அதன் ஒரு மாற்று வடிவத்தில். 2023இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு உள்ளே வந்தது. செட்டிங்ஸில் போய் அதைப் போட்டுவிடுங்கள்.

மற்ற விதிகள் சின்னச் சின்னது.

ஒன்று, இறக்கிய கட்டு வேண்டாம். நீங்களே கேட்ட, வாசித்த வசனத்தில் இருந்து அட்டை செய்யுங்கள். என் ‘படில்’ அட்டையில் இருப்பது மச்சாளின் மகள்.

இரண்டு, தனிச் சொல் வேண்டாம். முழு வசனம், நடுவில் ஓர் இடைவெளி. பொருள் இங்கிலிஷிலேயே, கற்பவர்களுக்கான ஓர் இங்கிலிஷ் அகராதியில் இருந்து. பிரெஞ்சுப் பொருள் போட்டால் பழைய சண்டை திரும்ப வரும்.

மூன்று, பொய் நண்பர்களுக்கு மட்டும் இரண்டு அட்டை. ஒன்றில் இங்கிலிஷ் சொல்லும் அதன் உண்மைப் பொருளும். மற்றதில் நான் சொல்ல நினைத்த பொருளும் அதற்கு வேண்டிய இங்கிலிஷும். ‘ஒருவேளை’ என்று நினைத்தால் கை ‘பொசிப்லி’ என்றோ ‘மே’ என்றோ தட்டப் பழக வேண்டும். இரண்டாவது அட்டை இல்லாமல் பிழை நிற்காது.

நான்கு, நாளுக்கு ஐந்து புதுச் சொல், அதுக்கு மேல் இல்லை. எட்டு மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் அட்டை சேர்ந்தது. இது கடலில் பெருங்காயம்தான். நாவலும் பத்திரிகையும் உதவியில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஆனால் முதல் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருப்பதால், பிரெஞ்சு தெரிந்த ஆள் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்குவதில்லை.

ஐந்து, எழுதி முடித்ததும் ஒருக்கா வாசித்து, பிரெஞ்சு முகம் உள்ள ஒவ்வொரு சொல்லிலும் நின்று கேளுங்கள்: நீ யார்? சந்தேகமே வராத சொல்லில் கட்டாயம் நில்லுங்கள்.

டப்ளின்காரரோடு இப்போது நல்ல சிநேகம். மீட்டிங் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, ‘தெசு’ என்றால் என்ன, நான் என்ன சொல்ல வந்தேன் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். இப்போதும் என் டொக்யுமென்டில் அந்தச் சொல்லைக் கண்டால், “உன்ர ஈவென்ச்சுவலியா, எங்கட ஈவென்ச்சுவலியா?” என்கிற மாதிரி ஒரு கேள்வி வந்து விழும். நான் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. ‘இன்னார் சரி என்ற பிறகு, இந்தத் திகதியில் அழிப்போம்’ என்று எழுதுகிறேன். எந்த மொழியில் வளர்ந்தவரும் அதைப் பிழையாக விளங்க முடியாது.

அம்மாவுக்குப் போன மாதம் ஒரு கடிதம் வந்தது. வாசித்துச் சொன்னேன். முடிந்ததும் அம்மா, “வடிவாப் பாத்தனியா?” என்று கேட்டா. முன்பு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கோபம் வரவில்லை. திருப்பி ஒருக்கா வாசித்தேன்.

உங்களையும் ஏதாவது சொல் இப்படி விழுத்தியிருந்தால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். ஜெர்மன், டச்சு, நோர்வேஜியன் என்று எந்த மொழியில் வளர்ந்தவரானாலும் சரி, பொய் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கினம். நல்லதுகளைச் சேர்த்து அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.

அதுவரைக்கும், பேக்கப் எடுத்து வையுங்கோ.